நோக்கியா என்-900 இல் புதிய லினக்ஸ்: அழிக்காமலே போடலாம்

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அண்ணன் 2010 இல் வாங்கிய நோக்கியா என்-900 வீட்டு அலமாரியில் கிடைத்திருக்கிறது. சார்ஜில் போட்டால் உயிர் வருகிறது. ஆனால் எந்த இணையதளமும் திறக்க மறுக்கிறது. அதிலிருப்பதை அழித்துவிட்டு வேறொரு லினக்ஸைப் போடலாமா, போட்டால் கருவி ஒரேயடியாகப் படுத்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், ‘பஸ்ஸில் போகும்போது தமிழில் குறிப்பெழுதத்தான்’ என்றும் சேர்த்திருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிதான் உண்மையான கேள்வி. மற்றதெல்லாம் அதற்குப் போகும் வழி. சிறு கருவிகளுக்கான லினக்ஸ்தான் எனக்குப் பல ஆண்டுகளாகச் சோறு போடுகிறது. அதோடு இதே கருவியொன்றை இன்றும் வைத்திருக்கிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். அதில் இப்போது ஓடிக்கொண்டிருப்பதும் லினக்ஸ்தான். மேமோ 5 என்று பெயர், டெபியன் என்ற லினக்ஸின் வழிவந்தது, அதன் உட்கருவான கெர்னல் 2.6.28. கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைத் திறந்தால் மென்பொருள் நிறுவும் ஏபிடி கட்டளை கூட வேலை செய்யும். 2009 நவம்பரில் விற்பனைக்கு வந்தபோது இதைக் கைப்பேசி என்பதைவிடக் கணினி என்றே பலர் சொன்னார்கள்: 600 மெகாஹெர்ட்ஸ் ஓமாப் 3430 செயலி, 256 மெகாபைட் ரேம், 32 ஜிகாபைட் சேமிப்பு, 3.5 அங்குலத்தில் 800க்கு 480 புள்ளித் திரை, பக்கவாட்டில் சரிந்து வெளியே வரும் விசைப்பலகை. 2011 பிப்ரவரியில் நோக்கியா விண்டோஸ் பக்கம் சாய்ந்ததும் இந்தக் குடும்பமே அநாதையானது. ஆக, உங்கள் தளங்கள் திறக்காததற்குக் கருவியின் பழுது காரணமல்ல. அந்தப் பழைய பிரவுசருக்குத் தெரிந்த மறையாக்க முறைகளை இன்றைய தளங்கள் ஏற்பதில்லை, அவ்வளவுதான். நெடுநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்ததால் தேதியும் தவறாக இருக்கலாம். தேதி தவறானால் சான்றிதழ் சோதனை எல்லாமே தோற்கும். முதலில் அதைச் சரிபாருங்கள்.

புதிய லினக்ஸ் போட்டால் இந்தக் குறை தீருமா? பாதி தீரும். வேறு கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் புதிய எஸ்எஸ்எச், கோப்புகளின் மாற்றங்களைக் காத்து வைக்கும் புதிய கிட், புதிய மறையாக்க நூலகங்கள் எல்லாம் கிடைக்கும். வேறொரு கணினியோடு கோப்புகளைப் பாதுகாப்பாகப் பரிமாறிக்கொள்ளலாம். ஆனால் இன்றைய பிரவுசர் எதுவும் 256 மெகாபைட்டுக்குள் உட்காராது. இதில் ஐயத்துக்கு இடமே இல்லை. எந்த மாற்று அமைப்பும் ரேமைப் பெருக்கித் தராது. யூடியூபும் வங்கித் தளமும் வேண்டுமென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். எழுதத்தான் வேண்டும் என்பதால் மேலே போகிறேன்.

என் முடிவு இது: பழையதை அழிக்காதீர்கள். புதியதை மைக்ரோ எஸ்டி அட்டையில் போடுங்கள். சார்ஜ் ஏறுவது, கேமரா, தொலைபேசி, ஒலி, உறக்க நிலை ஆகிய எல்லாமே ஒருசேர ஒழுங்காக வேலை செய்யும் ஒரே அமைப்பு இந்தக் கருவிக்கு இன்றும் மேமோதான். புதிய அமைப்பு மக்கர் செய்யும் நாளில் திரும்பிப் போக ஒரு வீடு வேண்டும். அட்டையைக் கழற்றினால் பழைய கருவி அப்படியே கையில் இருக்கும்.

மென்பொருளைத் தொடுவதற்கு முன் இரண்டு உறுப்புகளைப் பாருங்கள். ஒன்று, யுஎஸ்பி துளை. இந்த வகைக் கருவிகளில் பேர்போன பலவீனம் அது. போர்டிலிருந்து பற்று விட்டுக் கழன்று வந்துவிடும். கம்பியைச் செருகும்போது மேலும் கீழும் அசைகிறதா என்று பாருங்கள். அசைந்தால் இனி அதைச் சார்ஜ் செய்யப் பயன்படுத்தாதீர்கள். சாலிடர் வேலை தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து முதலில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு, பாட்டரி. பிஎல்-5ஜே வகை, 1320 மில்லி ஆம்பியர் மணி. பத்து ஆண்டுகளுக்கு மேல் கிடந்த பாட்டரி உப்பியிருந்தால் அதை வைத்துச் சோதனை செய்யவே வேண்டாம். நல்ல வேளையாக நோக்கியா 5800, 5230, பிறகு லூமியா 520 ஆகியவையும் இதே வகையைப் பயன்படுத்தியதால் மாற்று கிடைக்கிறது. போலியும் அதே அளவுக்குக் கிடைக்கிறது. பாட்டரியின் மேல் 3000 என்று அச்சிட்டிருந்தால் சிரித்துவிட்டு வேறு கடைக்குப் போங்கள். கூடவே, பாட்டரியைக் கழற்றித் தனியே சார்ஜ் செய்யும் யுனிவர்சல் சார்ஜர் ஒன்றையும் வாங்கிவிடுங்கள். பாட்டரி முழுதாக வறண்டுவிட்டால் இந்தக் கருவி தொடங்கப் பார்க்கும், ஏறும் சார்ஜை விட அதிகமாகத் தின்னும், அணையும், மறுபடி தொடங்கப் பார்க்கும். அந்தச் சுழலிலிருந்து மீள வெளியே சார்ஜ் செய்வதுதான் எளிய வழி.

அடுத்தது பேக்கப். அண்ணனின் படங்கள் உள்ளே இருந்தால் அவை ‘மைடாக்ஸ்’ என்ற பெரிய பகுதியில் இருக்கும். கணினியோடு இணைத்து மொத்தமாக நகலெடுங்கள். அதைவிட முக்கியமான, பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு. கருவியின் 256 மெகாபைட் ஃப்ளாஷ் நினைவகத்தில் ‘கான்ஃபிக்’ என்ற 384 கிலோபைட் பகுதி இருக்கிறது. அந்தக் குறிப்பிட்ட கருவிக்கென்று தொழிற்சாலையில் அளந்து எழுதிய வைஃபை அளவீடுகள் அதில்தான் இருக்கின்றன. இணையத்தில் கிடைக்கும் எந்த ஃபர்ம்வேரிலும் அது இராது, போனால் போனதுதான். மேமோவின் டெர்மினலில் ரூட் அனுமதியோடு அந்தப் பகுதியை ஒரு கோப்பாக நகலெடுத்து, இரண்டு இடங்களில் வையுங்கள்.

இனி, அட்டையிலிருந்து எப்படித் தொடங்குவது. கருவியை இயக்கியதும் கெர்னலை எடுத்து எழுப்பும் நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர். நோக்கியாவின் பூட்லோடர் பெயர் நோலோ. அதன் மிகப் பெரிய நற்குணம், கெர்னலுக்குக் கையொப்பம் கேட்பதில்லை. இன்றைய கைப்பேசிகளில் ‘அன்லாக்’ என்று படும் பாடு எதுவும் இங்கே இல்லை. அதன் குறை, தனக்குத் தெரிந்த ஒரே இடத்திலிருந்துதான் கெர்னலை எடுக்கும். அந்த இடத்தின் அளவு 2 மெகாபைட். 2009 இன் கெர்னல் அதில் அடங்கியது. இன்றைய கெர்னல் அடங்காது. இந்த ஒரு எண்ணைத் தெரிந்துகொண்டால், வழிமுறைகளில் ஏன் இத்தனை சுற்று என்பது புரிந்துவிடும். கெர்னலின் இடத்தில் யூ-பூட் என்ற சிறிய பூட்லோடரை வைத்து, பழைய மேமோ கெர்னலையும் அதன் வாலில் ஒட்டி, இரண்டையும் சேர்த்து அந்த 2 மெகாபைட்டுக்குள் திணிக்கிறார்கள். நோலோ யூ-பூட்டைக் கெர்னல் என்று நினைத்து எழுப்பும். யூ-பூட் எழுந்ததும் விசைப்பலகையைப் பார்க்கும். அது மூடியிருந்தால் காத்திராமல் வழக்கமானதைத் தொடங்கும். வெளியே இழுத்து வைத்திருந்தால் மெனுவைக் காட்டி, எதைத் தொடங்க என்று கேட்கும். என்-900க்கான இந்த ஏற்பாட்டை யூ-பூட்டின் அதிகாரபூர்வ மூலத்திலேயே சேர்த்துப் பராமரித்தவர் பாலி ரோஹார். இழுத்தால் மெனு, மூடினால் மேமோ: இதைவிட நல்ல இரட்டைத் தொடக்கத்தை நான் வேறெந்தக் கருவியிலும் பார்த்ததில்லை.

கருவி செத்துவிடுமா என்ற பயத்துக்கு வருகிறேன். கருவியை அணைத்து, விசைப்பலகையில் யூ விசையை அழுத்திப் பிடித்தபடி யுஎஸ்பி கம்பியைச் செருகினால் ஃபர்ம்வேர் எழுதும் நிலைக்குப் போகும். திரையின் மூலையில் யுஎஸ்பி குறி தெரியும். நோலோ இருக்கும் முதல் 128 கிலோபைட்டைத் தொடாதவரை இந்த வாசல் எப்போதும் திறந்திருக்கும். அதுவும் கெட்டால் கூடச் செயலியின் ரோமிலிருந்தே உயிர்ப்பிக்கும் ‘கோல்டு ஃப்ளாஷ்’ வழி ஒன்று உண்டு. அதைவிட நல்ல செய்தி: எதையும் எழுதாமலே சோதிக்கலாம். 0எக்ஸ்எஃப்எஃப்எஃப்எஃப் என்ற கட்டற்ற கருவி, யூ-பூட்டை யுஎஸ்பி வழியாக நேரே ரேமில் ஏற்றித் தொடங்கிக் காட்டும். அட்டையிலுள்ள அமைப்பு ஒழுங்காக எழுகிறதா என்று இப்படி இரண்டு மூன்று முறை பார்த்த பிறகு ஃப்ளாஷில் எழுதுங்கள். எழுதும்போது பாட்டரி நிறைந்திருக்கட்டும். அந்த நிலையில் யுஎஸ்பி இணைப்பு சார்ஜ் ஏற்றாது.

எதைப் போடுவது? இரண்டைத்தான் பரிந்துரைப்பேன். மேமோ லெஸ்தே, டெபியனிலிருந்து பிரிந்த டெவுவன் மீது பழைய மேமோவின் முகத்தை மறுபடி கட்டும் முயற்சி; அந்த முகத்தின் மீது காதல் இருந்தால் அதைப் போடுங்கள், பொறுமையையும் சேர்த்துப் போடுங்கள். போஸ்ட்மார்க்கெட்ஓஎஸ், 2017 இல் வெளிவந்தது. ஆல்பைன் என்ற மெலிந்த லினக்ஸ் மீது நிற்பது. லினக்ஸ் ஓடும் கணினியில் அவர்களின் பிஎம்பூட்ஸ்ட்ராப் என்ற நிரலை ஓட்டினால் கருவியின் பெயர், கடவுச்சொல், திரைச்சூழல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, அட்டையில் எழுதத் தயாரான அமைப்பைக் கட்டித் தரும். திரைச்சூழலுக்கு ஐ3 என்ற எளிய சாளர மேலாளர் போதும். பெரிய பெயர்களைத் தேர்ந்தெடுத்தால் முகப்பு வருவதற்குள் ரேம் தீர்ந்துவிடும். எழுதுவதற்கு என்பதால் உங்களுக்கு இரண்டாவதைச் சொல்கிறேன். 8 அல்லது 16 ஜிகாபைட் அட்டை, பெயர் தெரிந்த நிறுவனத்தின் அசலாக இருக்கட்டும். ரேமைச் சுருக்கிப் பயன்படுத்தும் ஸீராம் வசதி இயங்குகிறதா என்று முதல் நாளே பாருங்கள். இந்தக் கருவியில் அது ஆடம்பரமல்ல, அரிசி.

பழைய கட்டுரைகளைப் பார்த்து, இருக்கும் மேமோ கெர்னலின் மீதே இன்றைய டெபியனை ஒரு கோப்புறைக்குள் விரித்து ஓட்டலாம் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. ஓடவும் செய்தது. ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏதாவதொரு நிரல் காரணமின்றிச் செத்து விழும். அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் ஒன்றும் நடக்காததுபோல வேலை செய்யும். அட்டை கெட்டது என்று அட்டையை மாற்றினேன், ரேம் கெட்டது என்று முடிவுகட்டி இரண்டு நாள் துக்கம் காத்தேன். காரணம் செயலிக்குள் இருந்தது. ஓமாப் 3430 இல் உள்ளது கார்டெக்ஸ்-ஏ8 இன் தொடக்ககாலப் பதிப்பு. அதில் 430973 என்று எண்ணிட்ட வடிவமைப்புப் பிழை ஒன்று உண்டு. நிரலில் அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று செயலி முன்கூட்டியே ஊகித்துக் குறித்து வைத்துக்கொள்ளும். நினைவகத்தின் அதே இடத்தில் வேறு நிரல் வந்து குடியேறிய பிறகும் இந்தப் பதிப்பு பழைய குறிப்பையே நம்பிவிடும். குடித்தனக்காரர் மாறியது தெரியாமல் பழைய ஆளின் பெயரைச் சொல்லிக் கதவைத் தட்டுகிற தபால்காரர் மாதிரி. தம்ப்-2 என்ற கட்டளைத் தொகுதியில் தொகுத்த நிரல்களில்தான் இது கடிக்கும். மேமோவின் நிரல்கள் அப்படித் தொகுக்கப்படவில்லை. இவ்வகைச் செயலிகளுக்கான டெபியனின் ஆர்ம்எச்எஃப் பதிப்பு அப்படித்தான் தொகுக்கப்படுகிறது. ஒரு நிரலிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போதெல்லாம் அந்தக் குறிப்புகளைத் துடைத்தால் பிழை அடங்கும். அந்தத் துடைப்பை அனுமதிக்கும் பதிவேட்டையோ, இந்தக் கருவியில் பாதுகாப்பு நிலை வழியாக மட்டுமே தொட முடியும். யூ-பூட்டும் இன்றைய கெர்னலும் இதைத் தாமே செய்துகொள்கின்றன. ஆகவே புதிய கெர்னலோடு வரும் அமைப்பையே போடுங்கள். பழைய கெர்னல் மீது புதிய உலகத்தை ஏற்றாதீர்கள்.

இன்னொரு குழி, பின்மூடி. அதில் ஒரு சிறு காந்தம் இருக்கிறது. மூடியைத் திறந்தால் கருவிக்குத் தெரிந்துவிடும். மேமோ காலத்தில் அட்டையைக் கழற்றப் போகிறீர்கள் என்று ஊகித்து அதை முன்கூட்டியே விடுவிப்பதற்கான ஏற்பாடு அது. ஆனால் அமைப்பு முழுவதுமே அட்டையில் இருக்கும்போது மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? காலடியில் தரையை உருவியது போலாகும். நண்பர் ஒருவருக்கு அட்டை எங்கே இருக்கிறது என்று காட்டுவதற்காக, ஓடிக்கொண்டிருந்த கருவியின் மூடியை நகத்தால் நெம்பித் திறந்தேன். திரை அப்படியே உறைந்தது. பிறகு கோப்பு முறைமையைச் சரிசெய்தபோது அரை மணி நேரம் எழுதியிருந்தது காணாமல் போயிருந்தது. தவறு என்னுடையதுதான். 2020 இல் கெர்னலில் இந்த நடத்தையை மாற்றிவிட்டார்கள். மூடி திறந்திருக்கிறது என்று தகவல் மட்டும் சொல்லும், அட்டையைத் துண்டிக்காது. ஆனாலும் நான் இன்றும் அணைத்த பிறகுதான் மூடியில் கை வைக்கிறேன்.

எவையெல்லாம் அரைகுறை என்பதையும் சொல்ல வேண்டும். விசைப்பலகை, திரை, தொடுதல், வைஃபை, ஒலி, யுஎஸ்பி ஆகியவற்றை நம்பலாம், வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், வீட்டு ரவுட்டர் டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தால் சேராது. சார்ஜ் ஏறுவது அமைப்பு முழுதாக எழுந்த பிறகுதான். யூ-பூட் மெனுவிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். பவர்விஆர் வரைகலைச் சில்லுக்கு மூடிய இயக்கிதான் உண்டு, அதனால் வழவழப்பான அசைவுகளை எதிர்பார்க்க வேண்டாம். பாட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்பது கருவிக்குக் கருவி மாறும். என்னுடைய ஒரு கருவியை வைத்து உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். மேமோவைவிடக் குறைவாகத்தான் தாங்கும் என்பது மட்டும் உறுதி. தொலைபேசியாக இதை எண்ணவே எண்ணாதீர்கள். ஜியோ சிம் போட்டால் எந்த அமைப்பிலும் ஒன்றும் நடக்காது. அது 4ஜியும் அதற்கு மேலும் மட்டுமே உள்ள வலை, கருவியோ 3ஜியோடு நின்றுவிட்டது.

இப்போது தமிழ். படிப்பதில் சிக்கல் இல்லை. லோஹித் தமிழ் போன்ற ஒரு எழுத்துருவை நிறுவினால், எழுத்துகளைக் கோத்து அமைக்கும் ஹார்ஃப்பஸ் நூலகம் வழியாக வரையும் எந்த நிரலிலும் கொம்பும் துணைக்காலும் சரியான இடத்தில் உட்காரும். டெர்மினலில் மட்டும் உட்காராது. அது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவுக் கட்டம் ஒதுக்குவது. ‘கொ’ அங்கே வந்து நின்றால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடக்கும். ஆகவே டெர்மினலுக்குள் எழுதும் எண்ணத்தை விடுங்கள். சிறிய திரையில் புள்ளிகள் நெருக்கம் என்பதால் எழுத்தின் அளவையும் தாராளமாக ஏற்றிவிடுங்கள்.

தட்டுவதில்தான் வேடிக்கை. நீங்கள் தமிழ்99 பழகியவராக இருந்தால் ஏமாற்றம் காத்திருக்கிறது. ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் அந்த முறையில் அமர்ந்திருப்பது ஆங்கில எழுத்துகளுக்கு வலப்புறமுள்ள நிறுத்தற்குறி விசைகளில்: அடைப்புக்குறிகள், அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு. மூன்றே வரிசை கொண்ட இந்தக் குட்டி விசைப்பலகையில் அவற்றுக்குத் தனி விசைகளே இல்லை. ‘நான்’ என்று தொடங்க முடியாது, ‘தமிழ்’ என்று முடிக்க முடியாது. ஆகவே 26 எழுத்து விசைகளுக்குள் அடங்கிவிடும் ஒலிபெயர்ப்பு முறைதான் இங்கே சரி. அதற்கு ஐபஸ் போன்ற உள்ளீட்டுச் சேவையைப் பின்னணியில் ஓட்டலாம், ஆனால் இருக்கிற ரேமில் அதற்கும் பங்கு கொடுக்க வேண்டும். நான் செய்வது வேறு: ஈமாக்ஸ் என்ற உரைத் தொகுப்பி. தமிழ் உள்ளீட்டு முறைகள் அதற்குள்ளேயே வருகின்றன. வேறு எதையும் நிறுவ வேண்டியதில்லை. 27ஆம் பதிப்பிலிருந்து அது ஹார்ஃப்பஸைக் கொண்டு வரைவதால், டெர்மினலில் அல்லாமல் தனிச் சாளரத்தில் திறந்தால் தமிழ் ஒழுங்காகத் தெரியும். கூடுதல் பொதிகளை ஏற்றாமல் வெறுமனே ஓட்டினால் 256 மெகாபைட் அதற்குத் தாராளம். எட்டு மெகாபைட் ரேமும் போதாமல் ஓயாமல் வட்டுக்கும் ரேமுக்கும் மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கும் என்று ஒரு காலத்தில் ஈமாக்ஸைக் கேலி செய்தார்கள். இன்று இந்தக் கருவியில் அதுதான் மெலிந்த நிரல்.

ஐ3 தொடங்கியதும் ஈமாக்ஸ் முழுத்திரையில் திறக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். தானாகச் சேமிக்கும் இடைவெளியைச் சுருக்கிவிடுங்கள். வீட்டு வைஃபைக்கு வந்ததும் எழுதியதையெல்லாம் ஆர்சிங்க் வழியாக மேசைக் கணினிக்கு அனுப்பும் ஒரு வரிக் கட்டளையை ஏதாவதொரு விசையில் கட்டிவையுங்கள். என்னுடையதில் அது எஃப் விசையில் இருக்கிறது. பஸ்ஸில் விசைப்பலகையை இழுத்தால் போதும். யூ-பூட் மெனு வரும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று பார்த்துக்கொள்ள நேரம் இருக்கும்.